காப்டன் அதியன் இரவில் சாப்பிடுவாரா?

என் அண்ணன் பாகுபலி செஞ்சியில், திண்டிவனம் சாலையில், பம்புசெட் சாமான் கடை வைத்திருந்தார். பெல்ட், வாஷர், ஃபுட்வால்வு, கிரீஸ் டப்பா. போன கார்த்திகையில் மஞ்சள் காமாலையில் இறந்துபோனார். அவர் நினைவாக ஊர் நூலகத்துக்குக் கொடுக்கும் புத்தகங்களின் முதல் பக்கத்தில் ஒட்டுவதற்கு அவரைப் பற்றி நாலு வரி எழுதித் தரச் சொன்னார்கள். நானும் உட்கார்ந்து பார்த்தேன். எங்கே தொடங்கினாலும் காப்டன் அதியன் குறுக்கே வந்துவிடுகிறார். அவரை விட்டுவிட்டு அண்ணனைச் சொல்ல முடியவில்லை.

காப்டன் அதியன் உண்மையில் இருந்த ஆள் இல்லை. சென்னையில் ஒரு சின்ன அச்சகம் மாதம் ஒன்றாக வெளியிட்டுவந்த விஞ்ஞான நாவல்களின் நாயகன். ‘மேகநாதம்’ என்ற ஆகாயக் கலத்தில் ஏறிச் செவ்வாய்க்கும் சுக்கிரனுக்கும் போய்வருவார். சாணிக் காகிதம், நீலமும் சிவப்பும் ஒன்றின்மேல் ஒன்று சரியாக உட்காராத அட்டைப் படம். எழுதியவர் பெயர் ‘விண்ணவன்’ என்று போட்டிருக்கும். எங்கள் ஊருக்கு அதைக் கொண்டுவருகிறவர் ராஜாங்கம். திண்டிவனத்துக்கும் திருவண்ணாமலைக்கும் இடையே ஓடும் பஸ்ஸில் கண்டக்டர். திண்டிவனத்தில் வாங்கி, டிக்கெட் கிழித்துக்கொண்டே படித்து, செஞ்சி வருவதற்குள் முடித்துவிடுவார். கடை வாசலில் பஸ்ஸின் வேகம் குறையும். புத்தகம் உள்ளே வந்து விழும். கூடவே கதையின் முடிவும் வந்து விழும். “இந்த வாட்டி சுக்கிரன்ல வில்லன் செத்துட்டான் நைனாரே!” என்று கத்திவிட்டு விசில் ஊதுவார். அண்ணன் காதைப் பொத்திக்கொள்வதற்குள் பஸ் போய்விடும்.

இன்னொரு வாசகர் இளையபெருமாள். தளவானூர்க்காரர், அங்கேயே ஆரம்பப் பள்ளி ஆசிரியர். அவர்கள் தெருவில் பயிற்சிப் பள்ளி முடித்து வாத்தியார் ஆன முதல் ஆள். சனிக்கிழமைதோறும் சைக்கிளில் வந்துவிடுவார். இவர்கள் மூவரும்தான் நிரந்தரம். வாஷர் வாங்க வந்த குடியானவர்கள் சிலர் நடுவில் மாட்டிக்கொண்டு, செவ்வாய்க் கிரகத்தில் தண்ணீர் எத்தனை அடியில் கிடைக்கும் என்று கேட்டுவிட்டுப் போவார்கள்.

நாங்கள் சமணர்கள். ஊரில் நைனார் வீடு என்பார்கள். அப்பா காலமானபோது அண்ணன் எஸ்.எஸ்.எல்.சி. முடித்திருந்தார். அதோடு படிப்பை நிறுத்திவிட்டுக் கடைக்கு வந்தார். என்னைச் சென்னைக்கு அனுப்பிக் கல்லூரியில் படிக்கவைத்தார். நான் டீச்சர் ஆனது அப்படித்தான். அவருக்குக் கல்யாணம் ஆகவில்லை. ஒருமுறை பெண் பார்க்கப் போன இடத்தில், பெண்ணின் தகப்பனாரிடம் அவர்கள் கிணற்று மோட்டாரைப் பற்றியே பேசிவிட்டு, வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு கிணற்றிலும் இறங்கிப் பார்த்துவிட்டு வந்தார். மோட்டார் ஓடியது. சம்பந்தம் கூடவில்லை.

பெரிய பக்திமான் என்று சொல்ல முடியாது. சித்தாமூர் மடத்துக்கு வருஷத்துக்கு ஒருமுறை, அதுவும் அம்மாவைக் கூட்டிக்கொண்டு போவதற்காகப் போவார். ஆனால் ஒன்றில் மட்டும் விட்டுக்கொடுத்ததே இல்லை. எங்கள் வழக்கப்படி பொழுது சாய்வதற்குள் சாப்பிட்டு முடித்துவிட வேண்டும். இருட்டிய பிறகு ஒரு வாய் சோறு கூடாது. என் வயதுக்காரர்களில் பாதிப் பேர் இதை விட்டுவிட்டார்கள். நானும் விடுதியில் இருந்தபோது விட்டேன். அண்ணன் விடவில்லை. ஒருமுறை செயற்கைச் சந்திரன் ஒன்று வானத்தில் போகப்போகிறது என்று பத்திரிகையில் வந்தது. மூவரும் அதைப் பார்க்க மலைமேல் ஏறினார்கள். மற்ற இருவரும் இருட்டில் வேர்க்கடலை தின்றபடி வானத்தைப் பார்த்தார்களாம். அண்ணன் அவர்கள் தொலியைப் போடக் காகிதத்தைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாராம்.

இந்த வழக்கம்தான் காப்டனோடு போய்ச் சேர்ந்துகொண்டது. வரிசையின் முதல் புத்தகத்தில் ஒரு வரி வருகிறது. கலத்தின் பகல்விளக்குகளை அணைப்பதற்கு முன்பே காப்டன் தன் உணவை முடித்துவிடுவது வழக்கம் என்று. எழுதியவர் என்ன நினைத்து எழுதினாரோ. அண்ணன் அதைப் படித்துவிட்டுப் புத்தகத்தை மடியில் கவிழ்த்து வைத்தார்.

“லீலா, இவரு நம்மாளு.”

“யாரு, எழுதினவரா?”

“காப்டன்!”

ஒன்றிரண்டு வருஷத்தில் கதைகள் ஒன்றோடொன்று முட்டிக்கொள்ளத் தொடங்கின. ஒரு புத்தகத்தில் காப்டன் பிரம்மசாரி. இன்னொன்றில் தஞ்சாவூரில் மனைவியும் பெண்ணும் இருக்கிறார்கள். செவ்வாயில் நடந்த விபத்தில் இடது கை போய்விடுகிறது. அடுத்த மாதம் இரண்டு கையாலும் கை தட்டுகிறார்.

“இன்னா நைனாரே இது?” என்றார் ராஜாங்கம். “பல்லி வாலு மாதிரி மொளைச்சிடுச்சா?”

“கை போனது நடக்காதது” என்றார் அண்ணன்.

“பொஸ்தகத்துல போட்டிருக்குதே!”

“போட்டிருந்தா? அதுல காப்டன் வெளக்கு அணைச்சப்புறம் ரொட்டி சாப்புட்றாரு. அவரு அப்புடிச் சாப்புடமாட்டாரு. அதனால அது அவரு இல்ல. அவரு இல்லன்னா கையும் போவல.”

அன்று முதல் இதுதான் சட்டம். புது நாவல் வந்தால் முதலில் சாப்பாட்டைத் தேடுவார்கள். பகல்விளக்கு இருக்கும்போது சாப்பிட்டால் ‘நடந்தது’. அது கடையின் மேல்தட்டுக்குப் போகும். விளக்கு அணைந்த பின் சாப்பிட்டால் ‘நடக்காதது’. கல்லாவுக்கு அடியில், பழைய பெல்ட்டுகளோடு போய்விடும். நான் சிரித்தேன். ஆனால் விடுமுறையில் மேல்தட்டுப் புத்தகங்களை மட்டும் வரிசையாக எடுத்துப் படித்தபோது எனக்குக் குழப்பமாகிவிட்டது. அவை எங்கேயும் ஒன்றோடொன்று முட்டவில்லை. ஒருவேளை ‘விண்ணவன்’ என்ற பெயரில் பலர் எழுதியிருக்கலாம். அவர்களில் ஒருவருக்கு மட்டும் காப்டனை நேரத்தோடு சாப்பிடவைக்கும் பழக்கம் இருந்திருக்கலாம். அண்ணனிடம் அப்படித்தான் சொன்னேன். அவர் என்னைப் பாவம் பார்ப்பதுபோல் பார்த்தார்.

பிறகு காப்டன் இறந்துபோகும் புத்தகம் வந்தது. அன்று பஸ் நின்றது. ராஜாங்கம் இறங்கி வந்து, முடிவைக் கத்தாமல் புத்தகத்தை நீட்டினார். அழுதிருந்தார். சந்திரனின் மறுபக்கத்தில் கலம் பழுதாகிக் கிடக்கிறது. விளக்குகள் எல்லாம் போய்விட்டன. மிச்சமிருந்த உணவைக் காப்டன் இருட்டில் எல்லோருக்கும் பங்கிட்டு, தானும் ஒரு வாய் சாப்பிட்டுவிட்டு, வெளியே போய் ஒரு வால்வை மூடுகிறார். திரும்பி வரவில்லை.

அண்ணன் அங்கேயே நின்று கடைசிப் பக்கங்களைப் படித்தார். பிறகு சொன்னார்.

“இருட்டுல சாப்புட்டாரு. அதனால இது நடக்காதது.”

ராஜாங்கம் எகிறிக் குதித்தார். பஸ்ஸில் இருந்தவர்களிடம், “காப்டன் சாவலை! நைனாரு சொல்லிட்டாரு!” என்று கூவினார். அவர்களுக்கு ஒன்றும் புரிந்திருக்காது.

இளையபெருமாள் மட்டும் ஒப்பவில்லை. “நைனாரே, அங்க வெளக்கே இல்ல. பகலும் இல்ல, ராத்திரியும் இல்ல. அந்த மனுசன் சாப்டாத்தான் மத்தவங்க சாப்புடுவாங்க. அதுக்காகத்தான் ஒரு வாய் வச்சாரு. இதுதான் இருக்கறதுலயே உண்மையான பொஸ்தகம்” என்றார். அந்தச் சண்டை மாதக்கணக்கில் நடந்தது. புத்தகம் கல்லாவுக்கு அடியிலேயே கிடந்தது.

ஐப்பசியில் அண்ணனுக்குக் கண் மஞ்சளாயிற்று. கீழாநெல்லி கொடுத்துப் பார்த்தோம். பிறகு விழுப்புரத்துக்குக் கொண்டுபோனோம். போகிற வழியில், என் தோளில் சாய்ந்துகொண்டு, “காப்டன் இன்னும் அங்கதான் எங்கியோ இருக்குறாரு, லீலா. அந்தப் பொஸ்தகம் நடக்காதது” என்றார். என்னிடம் அவர் காப்டனைப் பற்றிக் கடைசியாகச் சொன்னது அதுதான். ஒரு மாதமாக எதைக் கொடுத்தாலும் குமட்டல். பசி என்ற சொல்லையே அவர் மறந்துபோயிருந்தார்.

கடைசி நாள் மத்தியானம் அம்மாவை அழைத்துவர நான் செஞ்சிக்கு வந்தேன். மழையில் பஸ் தவறிவிட்டது. அன்று சாயங்காலம் ஆஸ்பத்திரியில் இளையபெருமாள்தான் இருந்தார். மறுநாள் காலையில் நாங்கள் போனபோது எல்லாம் முடிந்திருந்தது.

காரியங்கள் முடிந்த பிறகு நூலகத்து யோசனை வந்தது. காப்டன் புத்தகங்களைப் பைண்டு செய்து அண்ணன் பெயரில் கொடுப்பது என்று முடிவு. நடந்தவை மட்டும் போதும், அதுதான் அவருக்கு மரியாதை என்று மூவரும் பேசிக்கொண்டோம். திண்டிவனத்துப் பைண்டர் வெள்ளிக்கிழமை வந்து எடுத்துப்போவதாகச் சொல்லியிருந்தார். அதற்கு முன்னால் கடையில் உட்கார்ந்து அடுக்கிக்கொண்டிருந்தபோது, இளையபெருமாள் கல்லாவுக்கு அடியிலிருந்து அந்தப் புத்தகத்தை எடுத்து மேலே வைத்தார்.

“இதுவும் நடந்ததுதான். நைனாரே சொல்லிட்டாரு.”

“எப்ப சொன்னாரு?” என்றார் ராஜாங்கம்.

“ஆஸ்பத்திரியில. கடசி நாளு. பசிக்குதுன்னாரு. ரசஞ்சோறு குடுத்தேன், சாப்டாரு. சாப்டுட்டு, ‘வாத்தியாரே, காப்டன் சாப்புட்டுத்தான் இருப்பாரு, அது நடந்ததுதான்’னு சொன்னாரு. அப்ப நல்லா இருட்டிப்போச்சு. ஜன்னல்ல பாத்தா ரோட்டுல லாரியெல்லாம் லைட்டு போட்டுனு போவுது.”

ராஜாங்கம் கொஞ்சம் யோசித்தார். அவருடைய மூளை எப்போதும் பஸ் வேகம்தான்.

“சரி. ராத்திரி சாப்டாரு. அப்ப அது நம்ம நைனாரே இல்ல.”

“இன்னா ஒளர்ற?”

“நான் ஒளறல. அவரு போட்ட சட்டந்தானே? ராத்திரி சாப்புட்ற காப்டன் காப்டன் இல்லன்னா, ராத்திரி சாப்புட்ட நைனாரும் நைனாரு இல்ல. அவரு சொன்னது செல்லாது. காப்டன் உசுரோடதான் இருக்காரு.”

“பசிச்சு ஒரு வாய் சாப்டா மனுசன் வேற ஆளாய்டுவானா ராஜாங்கம்?”

“அத நீங்க அவரு உசுரோட இருந்தப்ப கேட்டிருக்கணும்.” பிறகு, என்னைப் பார்த்துக்கொண்டே, “வாத்தியாரு எப்பவுமே அந்தப் பொஸ்தகத்துக்கு வக்கீலு. நைனாரு வாயில இவரே பேச்சப் போட்டாரோ இன்னாவோ, யாரு கண்டது தங்கச்சி” என்றார்.

இளையபெருமாள் எழுந்தார். சைக்கிளை எடுத்தார். ஸ்டாண்டைத் தள்ளக்கூட மறந்து, தரையில் கீறிக்கொண்டே தள்ளிக்கொண்டு போனார்.

நான் யாரை நம்புவது? என்னிடம் ஒன்று சொன்ன அண்ணன், அவரிடம் வேறொன்று சொல்லியிருக்கலாம். சொல்லாமலும் இருந்திருக்கலாம். அவர் சாப்பிட்டது பொய்யென்றால் அந்த வாத்தியார் பொய்யர். மெய்யென்றால் என் அண்ணன் தன் வாழ்நாளில் விடாத ஒன்றைக் கடைசி நாளில் விட்டிருக்கிறார். அம்மாவுக்கு இது தெரியாது. வந்தவர்களிடமெல்லாம், “எம் புள்ள கடசி வரைக்கும் பொழுதோட சாப்புட்டவன்” என்று சொல்லிக்கொண்டிருந்தாள்.

அன்று மாலை வரை மனசுக்குள் வைத்துப் பார்த்தேன். முடியவில்லை. கடலை உடைத்துக்கொண்டிருந்த அம்மாவின் பக்கத்தில் உட்கார்ந்து சொல்லிவிட்டேன். அம்மா உடைப்பதை நிறுத்தவில்லை.

“வாத்தியார இட்டுனு வா” என்றாள்.

மறுநாள் அவர் வந்தார். எங்கள் வீட்டுக்கு எத்தனையோ தடவை வந்திருக்கிறார். வாசலோடு நின்று பேசிவிட்டுப் போய்விடுவார். அண்ணன் கூப்பிட்டாலும் உள்ளே வரமாட்டார். அம்மா அன்று கூடத்தில் நாற்காலி போடச் சொன்னாள். அவர் அதன் நுனியில் உட்கார்ந்தார்.

“இன்னா சாப்டான்?”

“ரசஞ்சோறும்மா. என் சம்சாரம் மாரியம்மாளோட தங்கச்சி வூடு அங்கதான் இருக்குது. அங்க ஆக்கினது.”

நான் அம்மாவின் முகத்தைப் பார்த்தேன். யார் வீட்டுச் சோறு என்பதை அவள் தாண்டிப் போய்விட்டாள்.

“பூண்டு?”

“போடலம்மா. சொல்லித்தான் ஆக்கச் சொன்னேன். அது திட்டிச்சு, பூண்டில்லாம இன்னா ரசம்னு.”

“நீங்களா குடுத்தீங்களா, அவனே கேட்டானா?”

“அவரேதாம்மா கேட்டாரு. பசிக்குது வாத்தியாரேன்னாரு.”

“எவ்ளோ சாப்டான்?”

அவர் உள்ளங்கையைக் குழித்துக் காட்டினார். பிறகு இன்னொரு கையையும் அதன் பக்கத்தில் குழித்தார். அம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். “ஒரு மாசமா எங்கிட்ட பசின்னு கேக்கலியே” என்று அழுதாள். அண்ணன் இறந்த அன்றுகூட அவள் அப்படி அழவில்லை. கொஞ்ச நேரம் கழித்து முகத்தைத் துடைத்துக்கொண்டு கேட்டாள்.

“அப்ப இருட்டிடுச்சா?”

இளையபெருமாள் என்னைப் பார்த்தார். நான் தரையைப் பார்த்தேன்.

“அன்னிக்குப் பூரா மூடாப்பும்மா. வார்டுல மத்தியானமே லைட்டு போட்டுட்டாங்க. பொழுது போச்சா, மேகத்துக்குப் பின்னால இருந்துச்சா, எனக்குத் தெரியல.”

அம்மா தலையாட்டினாள். “மூடாப்புல எப்புடித் தெரியும்” என்றாள்.

அவரைத் தெருமுனை வரை வழியனுப்பப் போனேன். “சார், கடையில நல்லா இருட்டிப்போச்சுன்னீங்களே. லாரி லைட்டுன்னீங்களே.”

“லாரி லைட்டு போட்டுனுதான் போச்சு டீச்சர். மழையில பகல்லயும் போடுவான்.”

“அப்ப எது நெஜம்?”

“அங்க பேசறப்ப இருட்டிப்போச்சுன்னுதான் தோணுச்சு. அம்மா மொகத்தப் பாத்துப் பேசறப்ப, இருட்டலியோன்னு தோணிச்சு.” சைக்கிள் மணியைக் காரணமில்லாமல் ஒருமுறை அழுத்தினார். “நைனாரு சாப்டாரு. காப்டனப் பத்திச் சொன்னாரு. அதுல சந்தேகமில்ல. மத்தது நீங்க எப்புடி வச்சிக்கினாலும் சரி.”

வீட்டுக்குத் திரும்பி நடக்கும்போது கணக்குப் போட்டுப் பார்த்தேன். அப்போது இருட்டவில்லை என்றால் அண்ணன் வழக்கத்தை விடவில்லை. அவர் அவராகத்தான் இருந்தார், அவர் கடைசியாகச் சொன்ன சொல் செல்லும், காப்டன் இறந்துவிட்டார். இருட்டிவிட்டது என்றால், ராஜாங்கத்தின் வாதப்படி அது அண்ணனே இல்லை. காப்டன் பிழைத்துக்கொள்வார். காப்டன் உயிரோடு வேண்டுமென்றால் அண்ணனை வேறு ஆளாக்க வேண்டும். அண்ணன் அவராகவே வேண்டுமென்றால் காப்டனை விட்டுவிட வேண்டும். வாத்தியார் அம்மாவுக்காக இரக்கப்பட்டு வார்த்தையை மாற்றினாரா? மாற்றியும் அவர் பக்கமே ஜெயிக்கிறதே. அதை உத்தேசித்துத்தான் மாற்றினாரா? அப்படி நினைத்ததற்கே வெட்கமாக இருந்தது. சைக்கிள் ஸ்டாண்டைத் தரையில் இழுத்துக்கொண்டு போன மனிதர் அவர்.

வெள்ளிக்கிழமை பைண்டர் வந்தார். ராஜாங்கம் அன்று விடுப்பு எடுத்திருந்தார். இளையபெருமாளும் வந்திருந்தார், ஆனால் கடைக்கு வெளியே நின்றார். நான் அந்தப் புத்தகத்தை எடுத்து அடுக்கின் மேல் வைத்தேன்.

“அப்ப காப்டன் போய்ட்டாரா தங்கச்சி?” என்றார் ராஜாங்கம்.

“போய்ட்டாருண்ணா.”

“நைனாரு பொழுதோட சாப்டாரா, இருட்டிச் சாப்டாரா? அதச் சொல்லு.”

“பசிச்சு சாப்டாரு.”

“அது சட்டத்துல இல்லியே!”

“இல்லண்ணா. வாத்தியார் பொய் சொல்லல. அது எனக்குத் தெரியும். வேற ஒண்ணும் தெரியாது.”

பைண்டர் எங்கள் முகங்களை மாறி மாறிப் பார்த்துவிட்டு, சணலால் கட்டி எடுத்துக்கொண்டு போனார். ராஜாங்கம் இளையபெருமாளிடம் தன் பையிலிருந்து வெற்றிலையை எடுத்து நீட்டினார். அவரும் வாங்கிக்கொண்டார். ஆனால் அதற்குப் பிறகு பல நாள் பஸ் எங்கள் கடைப் பக்கம் வேகத்தைக் குறைக்கவில்லை.

போன வாரம் குறைத்தது, நின்றது. ராஜாங்கம் புதுப் புத்தகத்தைத் தலைக்கு மேலே பிடித்துக்கொண்டு ஓடிவந்தார். “வந்துட்டாரு! காப்டன் வந்துட்டாரு தங்கச்சி!” எப்படிப் பிழைத்தார் என்று ஒரு வார்த்தை இல்லை. முதல் பக்கத்திலேயே கலத்தில் உட்கார்ந்திருக்கிறார். சனிக்கிழமை மூவரும் சேர்ந்து சாப்பாட்டைத் தேடினோம். இளையபெருமாள் இரண்டு தடவை புரட்டினார். காப்டன் அந்தப் புத்தகம் முழுக்க எதுவும் சாப்பிடவில்லை.

“ஒரு வாய் தண்ணிகூடக் குடிக்கல” என்றார் அவர்.

“இப்ப இன்னா பண்றது?” என்றார் ராஜாங்கம்.

இருவரும் என்னைப் பார்த்தார்கள். படித்துவிட்டுச் சொல்கிறேன் என்று வாங்கிவந்தேன். படித்தும் விட்டேன். நன்றாகத்தான் இருக்கிறது. ஓரிடத்தில் காப்டன் சிரிக்கிறார். அது அவர் சிரிப்புதானா என்று எனக்குச் சொல்லத் தெரியவில்லை.